பீலிக்கு ஆறு புள்ளி

யாராவது சுமையை இறக்கி வைத்தால் செல்லசாமி நின்றுவிடுவார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மடித்த காகிதத்தை முழங்காலில் விரித்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். பிறகுதான் "என்னா, ரொம்பக் கனமா?" என்று கேட்பார்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருடம் மழைநீர் வடியும் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சரிவைப் பார்த்துப் பார்த்தே இடது கண் சற்றுச் சுருங்கிவிட்டது. 1999இல் கல் உருண்டு இடுப்பில் அடித்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் தூக்குவதில்லை.

ஏழு காலண்டர் தாள்களைக் கோதுமை மாப் பசையால் ஒட்டி, பின்புறத்தில் தோட்டத்தை வரைந்திருக்கிறார். அதில் மைலும் இல்லை, மீற்றரும் இல்லை. குடமும் கூடையும் இறங்கும் இடங்களுக்கு நீலப் புள்ளி. பிரேதம் தூக்குகிறவர்கள் தோள் மாற்றும் இடங்களுக்குச் சிவப்பு. பென்சிலுக்கு ஒரு முனை நீலம், மறு முனை சிவப்பு.

"ஒலகத்துல புருசமாரு பொண்டாட்டி கையிலருந்து கொடத்த வாங்குவாங்க. இந்த மனுசன் புள்ளி வைக்குது," என்பாள் மனைவி சண்முகவடிவு.

அவர்கள் இருக்கும் மேட்டு லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக, பதினொரு குடும்பம். ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே விழும் பீலி கீழே, பள்ளத்தில். 2008 ஆகஸ்ட் 14ஆம் திகதி தண்ணீர்த் திட்டக்காரர்கள் வந்தார்கள். லயத்து வாசலுக்கே பீலி வரப்போகிறது என்று பேச்சு. அதிகாரி சாருஜன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையானவர். கொழும்புக் கம்பனி ஒன்று விற்ற கணினி வரைபடத்தை விரித்தார்.

"ஐயா, இதில பீலி நூற்றைம்பது மீற்றரிலதான் இருக்கு. இருநூறுக்குக் கூடினாத்தான் புதுசு குடுக்கலாம்."

"ஆகாசத்துலருந்து பாத்தா கிட்டத்தாங்க தெரியும். கொடத்தோட ஏறினா ஆறு புள்ளி."

செல்லசாமி நீட்டிய காலண்டர் தாள்களைச் சாருஜன் நெடுநேரம் பார்த்தார். "ஒரு புள்ளி எத்தினை மீற்றர் எண்டு நீங்களே சொல்லுங்கோ. அப்பிடியே எழுதிக் குடுக்கிறன்."

லயமே அவர் வாயைப் பார்த்தது. நாற்பது என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆறு புள்ளி இருநூறைத் தாண்டிவிடும்.

"அது ஆளப் பொறுத்ததுங்க," என்றார் செல்லசாமி. "ஆறு எம் பொஞ்சாதிக்கு. அடுத்த வீட்டு சுதர்ஷினி எளவட்டம், அதுக்கு ரெண்டு. மாசமா இருந்தா எட்டு."

சாருஜன் பேனையை மூடினார். ஜீப் போய்விட்டது.

"பெரிய சர்வேயரு!" என்று மூக்கன் கத்தினான். லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருப்பவன். "ஒரு நம்பரு சொல்ல வாய் வலிக்குதா? இனி ஒம் பென்சில புழிஞ்சி தண்ணி குடிப்போமா?"

இல்லாததை எப்படிப் போடுவது என்று செல்லசாமி இரண்டு முறை முணுமுணுத்தார்.

மாலையில் சண்முகவடிவு தண்ணீருக்குப் போனாள். பின்னாலேயே அவரும் போனார். ஏறும்போது வழக்கமான ஆறு இடங்களிலும் குடத்தை இறக்கினாள். லயத்துக்கு இருபது படி இருக்கையில், ஒருநாளும் நிற்காத சவுக்கு மரத்தடியில் குடத்தை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இதையும் போட்டுக்க," என்றாள்.

செல்லசாமி பென்சிலின் நீல முனையை நாக்கில் நனைத்து, ஏழாவது புள்ளியை வைத்தார்.