சங்கரநாராயணன் வாங்கிய அடி

மருத்துவர் சங்கரநாராயணன் இறந்த செய்தியை எங்களுடன் வேலைபார்த்த நர்ஸ் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். மாரடைப்பு. கையிலிருந்த காப்பித் தம்ளரைச் சுவரில் வீசி அடித்தேன். மறுநாள் தாமிரபரணிக் கரையில் அவரை எரித்துவிட்டு ஆற்றில் இறங்கும்போது, பழைய சகா ஒருவர், "நல்ல டாக்டர்தான். வாயாலதான் கெட்டாரு. அன்னைக்கு அடி வாங்குனதும் வாயாலதான" என்றார். நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் அவர் மயக்க மருந்து மருத்துவர், நான் பொது மருத்துவர். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அறுவை அரங்கில் கத்தரிக்கோல் பறக்கும். என் காதை உரசிக்கொண்டு ஒன்று போயிருக்கிறது.

அறுவடைக் காலத்தில் ஒரு நண்பகல். மாரியப்பன் என்ற விவசாயியை லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வைக்கோல் கட்டும்போது நல்லபாம்பு கடித்திருந்தது. இமை தூக்கவில்லை, மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. சங்கரநாராயணன் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி, காற்றுப் பையைக் கையால் அமுக்கத் தொடங்கினார். செயற்கைச் சுவாச இயந்திரம் எங்களிடம் இல்லை. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

நரம்பின் நுனி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். தசைச் செல்லின் சவ்வில் அதற்கென்றே உள்ள ஏற்பிகள் அதை வாங்கிக்கொண்டால்தான் தசை அசையும். நல்லபாம்பின் நஞ்சு முந்திப்போய் அந்த ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்கிறது. கடிபட்டவன் பிணம்போலக் கிடப்பான், உள்ளே விழித்திருப்பான். "நரம்பு தொண்டை கிழியக் கத்துது வே. தசைக்குத்தான் காது அடைச்சிருக்கு" என்பார் அவர். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு மணி நேரம் கழித்து நாடி நூலாக இளைத்தபோது, "முடிஞ்சிட்டு வே, விட்டுரும்" என்று சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்ற மாரியப்பனின் மச்சினன் அதைக் கேட்டான். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. பத்துப் பேர் உள்ளே பாய்ந்தார்கள். "செத்தவனுக்கு என்னலே காத்து ஊதுத? எங்கள ஏமாத்துதியா?" என்று கத்திக்கொண்டே மச்சினன் சலைன் மாட்டும் கம்பியைப் பிடுங்கி அவர் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் பையை மறு கைக்கு மாற்றினார். அவர் நெற்றி பிளந்து ரத்தம் மாரியப்பனின் முகத்தில் சொட்டியது. "அடிங்கலே நாய்களா! பையில கைய வச்சா சங்கக் கடிச்சிருவேன்!" என்றார். போலீஸ் வரும்வரை அடி விழுந்தது. அவர் அமுக்குவதை நிறுத்தவில்லை.

பொழுது சாய்வதற்குள் மாரியப்பனின் விரல் அசைந்தது. முறைவைத்துப் பையை அமுக்கினோம். மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் மாரியப்பன் என்னைப் பார்த்தார். "எல்லாம் கேட்டுச்சு சார். நீங்க சொன்னதும் கேட்டுச்சு. கண்ணத் தொறக்கத்தான் முடியல."

முறிந்த பக்கத்துக் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டு நின்ற சங்கரநாராயணன் மாரியப்பனை மறித்தார். "அத இத்தோட விட்டுரும்வே. யார்ட்டயும் சொல்லாதீரும்."

உறவினர்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டியதால்தான் கலவரம் மூண்டது என்று மருத்துவமனை விசாரணையில் எழுதினார்கள். என்னிடம் கேட்டபோது, "நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்றேன். அவருக்கு வேலை போயிற்று. வெளியே வந்ததும் நல்ல கையால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"உமக்குப் புள்ளகுட்டி இருக்குன்னு நான் வாய மூடுனேன். நீரு எதுக்குவே மூடுனீரு?"

பயத்தால்தான். அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை துணிச்சல் வரவில்லை. முடிந்துவிட்டது என்று சொன்ன வாய் என்னுடையது. அவர் திட்டியது எலும்பு முறிந்த பிறகு. அவர்மேல் நீங்கள் போட்டுவைத்திருக்கும் பழியை இன்றே என்னிடம் கொடுத்துவிடுங்கள். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ளத் தகுந்தது அது ஒன்றுதான்.