பன்னிரண்டு சுற்றும் வழி விடவில்லை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் பிரேக்கைவிட அதிகம் தேய்வது வாத்தியாரின் பொறுமைதான். சந்துக்குள் எதிரே மாட்டுவண்டி வர, தெருமுனை வரை ரிவர்ஸிலேயே போய் வியர்த்துக் கொட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சார் வரட்டும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தேன். ஒரே கார், அதுவும் கிழம். வாத்தியாரும் நான், முதலாளியும் நான். சேர வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். கற்றுத்தருவது நான்தான் என்றதும் பாதிப் பேர் நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். அந்த நாளை வந்ததே இல்லை.

பெசன்ட் நகரில் அப்போது வீடுகள் அதிகம் வரவில்லை, மணலுக்கு நடுவே குறுகலாக ரோடு மட்டும் போட்டிருந்தார்கள். அந்தத் தெருக்களில் கார்ப் பிரியர்கள் சிலர் பன்னிரண்டு சுற்றுப் பந்தயம் ஒன்று வைத்தார்கள். அதில் ஓட்டி முடித்துவிட்டால் அப்புறம் எவனும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கமாட்டான் என்று நினைத்தேன். நினைக்க வைத்தவர் ஒரு பாங்க் உத்தியோகஸ்தர். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் யாருக்காக என்று கேட்டேன். "சார் வரட்டும்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார்.

கோலப் பரீட்சை

குறுகல் தெருவில் வேகத்தைவிட அளவுதான் முக்கியம். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று உடம்புக்கே தெரிய வேண்டும். மயிலாப்பூர்ச் சந்துகளில் காலையில் பழகினேன். வாசல் கோலத்தில் ஒரு புள்ளிகூட அழியக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஒருநாள் விரல் இடைவெளியில் தாண்டியபோது அந்த வீட்டு மாமி கைகாட்டி நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று இறங்கினேன். கோலத்தையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது என் மாட்டுப்பொண் போட்டதுடி. இதுல ஏத்திண்டு போயிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன்."

போட்டோவுக்காக

பெயர் கொடுக்கப் போனேன். தெரு குறுகல், லேடீஸுக்குச் சரிப்படாது என்றார் பந்தயச் செயலாளர். என் பிழைப்பே குறுகல் தெருவில்தான், அதுவும் கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவர்களோடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பந்தயத்தன்று என் காரை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தச் சொன்னார். "லேடீஸ் முன்னாடி நின்னா போட்டோவுக்கு நல்லா இருக்கும். கொடி விழுந்ததும் ஓரமா ஒதுங்கி எல்லாருக்கும் வழி விட்டுடுங்க, மேடம்."

பத்தாவது சுற்று

கொடி விழுந்தது. நான் ஒதுங்கவில்லை. ஒன்றரைக் கார் அகலத் தெருவில் நடுவே ஒரு கார் போனால் முந்த இடம் ஏது? எட்டுக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடற்கரைத் திருப்பத்து மணலில் என் வண்டி வழுக்கியபோது, அடுத்து வந்த புதுக் கார்க்காரர் மூக்கை நுழைத்துப் பார்த்தார். நான் நடுவுக்குத் திரும்பியதும் பிரேக் போட்டார்.

பத்தாவது சுற்றில் ரேடியேட்டர் கொதித்தது. நின்றால் எல்லாம் போச்சு. அதனால் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் அத்தனை பேரும் குறைத்தார்கள், வேறென்ன செய்வார்கள்? ஆறவிட்டு ஆறவிட்டே பன்னிரண்டையும் முடித்தேன். முதலிடம். சந்தோஷத்தில் அழுகை வந்தது. என் மெக்கானிக் காதர் பாய் ரேடியேட்டர் மூடியைத் துணியால் திறந்துகொண்டே கேட்டார்: "இன்னாம்மா, நீ ரேஸ் வுட்டியா, ஊர்கோலம் வுட்டியா?"

விதித் தாள்

வழி விடாதது தப்பு என்று செயலாளர் ஓடிவந்தார். அவர் கொடுத்த விதித் தாளையே நீட்டினேன். ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடியவருக்குத்தான் வழி விட வேண்டும் என்றிருந்தது. என்னைத்தான் யாரும் முந்தவே இல்லையே. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுக் கார்க்காரர்தான் சமாதானம் செய்தார்: "விட்டுடுங்க சார். பன்னெண்டு சுத்தும் அவங்க நம்பர் பிளேட்டைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன், தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

ஜெயித்த கோப்பையை ஸ்கூல் பெஞ்சுக்கு எதிரே வைத்த பிறகும் 'சார் எங்கே' என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எட்டு சாரும் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள், நீங்கள் ஏறி உட்காருங்கள் என்று சாவியை எடுத்தேன்.