நீ யார் என்று கேட்ட மெஷின்

சர்வர் அறையில் உட்காருகிறவனை, மெஷின் ஓடுகிற வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் எட்டாங்கிளாஸ் வரை படித்தவன். தென்காசியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசுக்கு ஜெனரேட்டர் பார்க்க வந்தவன். கமாண்டுகளை நோட்டில் எழுதி வைத்துப் படித்து லினக்ஸ் மெஷினுக்கு வந்து சேர்ந்தேன். அதில் கிட் (Git) என்று ஒரு புரோகிராம் உண்டு, ஆபீஸ் எழுதுகிற கோடுக்கெல்லாம் கணக்குப்பிள்ளை. யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார்கள் என்பதை அது மறக்கவே மறக்காது. என்னைப் போல. ஆனால் ஆறு வருஷமாக நான் செய்த வேலை முழுக்க அதில் மேனேஜர் செல்வின் பேரில் இருக்கிறது. அவர் லாகினில்தான் என்னை உட்கார வைத்தார்.

பழைய நம்பர்

சாரல் தொடங்கியதும் ஆபீசே ஒரு நாள் குற்றாலம் ஐந்தருவிக்குப் போகும். மெஷினுக்கு ஆள் வேண்டுமே, நான் இருப்பேன். இந்த வருஷம் வேன் ஏறும்போது, கிட்டின் புது வெர்ஷனைப் போட்டு வைக்கச் சொன்னார் செல்வின். போட்டேன். வெர்ஷன் நம்பர் கேட்டால் பழைய நம்பரையே சொன்னது. மூன்று தடவை போட்டேன். அதே நம்பர்.

செல்வினுக்குப் போன் செய்தேன். தண்ணீர்ச் சத்தம், அதற்கு மேல் சிரிப்புச் சத்தம். திறந்து கிடக்கிற டெர்மினல், அதாவது கமாண்டு அடிக்கிற கறுப்புத் திரை, பழைய இடத்திலேயே போய்த் தேடுமாம். மூடித் திறந்தால் போதுமாம். கடைசியில் செல்வின் சொன்னார்: "இதுக்கா அண்ணாச்சி போன் போட்டிய? இங்கன தண்ணி கொட்டுது, ஒண்ணும் கேக்கல. வைங்க."

சந்தேகம்

மறுநாள் காலை ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஃபோல்டர் ஒருவர் பேரில் இருக்க, வேறொருவர் திறந்தால் புது கிட் சந்தேகப்பட்டு வேலை செய்ய விடாது. ஆபீஸ் முழுக்க வேலை பார்க்கும் ஃபோல்டர் செல்வின் பேரில். அருவிக்குக் கூப்பிட ஒரு நாளும் என் அறைக்கு வராதவர்கள், அன்றைக்கு வாசலை அடைத்து நின்றார்கள். 'இந்த ஃபோல்டரை நம்பலாம்' என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. எல்லோர் முன்னாலும் செல்வின் கேட்டார்: "ஒரு நாள் தனியா விட்டுட்டுப் போனா இப்படியா அண்ணாச்சி?"

என் பேர்

அந்த ஒரு வரியை கிட்டில் பதிய வேண்டும். செல்வின் லாகினை நான் தொடவில்லை. எனக்கென்று ஒரு லாகின் உண்டாக்கினேன். திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. வாசலில் நின்றவர்களில் ஒருத்தி, புரோகிராமர் ஜைனப், வாசித்துச் சொன்னாள்: நீ யார் என்று கேட்கிறதாம். அந்த ஆபீசில் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல். முத்தையா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். என்ன செய்தாய் என்றும் எழுத வேண்டும். 'நேற்று விட்ட தப்பைச் சரி செய்தேன்' என்று போட்டேன்.

ஜைனப் பழைய பதிவுகளை உருட்டிக்கொண்டே போனாள். செல்வின், செல்வின், செல்வின். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்: "ஏன் அண்ணாச்சி, ஆறு வருஷத்துல உங்க பேருல இருக்கது இது ஒண்ணுதான், அதும் தப்பு பண்ணுனதா?"

ஐந்தருவிக்கு என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பதைப் பதிய கிட்டில் இடமில்லை, அதனால் அதை மட்டும் நானே மறக்காமல் வைத்திருக்கிறேன்.