இதோ வந்துட்றேன்

1987 ஆடி மாதம், செஞ்சி. அன்று நடந்தது இது:

1. ஒரு அப்பா, பஸ் ஸ்டாண்டில் மகளிடம் "இதோ வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினார்.
2. அம்மா அவளை எங்கள் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்.
3. சாப்பாட்டு மணி அடித்தபோது அவள் வகுப்பில் இல்லை.

அவளுக்கு ஏழு வயது. ஆட்டிசம். அந்தச் சொல்லை ஊரில் யாரும் கேட்டதில்லை. சென்னையில் சிறப்புக் கல்விப் பயிற்சி முடித்து வந்த நான், அவளுக்கென்று தனித் திட்டம் போட்டிருந்தேன். எதை எப்படிச் சொல்லித் தருவது, சத்தம் தாங்காமல் காதைப் பொத்தினால் எங்கே உட்கார வைப்பது, எல்லாம் அதில் இருந்தது. காணாமல் போனால் எங்கே தேடுவது என்பது இல்லை.

தண்ணீரில் கல் போடுவது அவளுக்குப் பிடிக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு சக்கரக்குளத்துக்குப் பறந்தேன். படிகளில் ஆடுகள் மட்டும் படுத்திருந்தன. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தால் வாசலில் தலைமையாசிரியை. "மொதல்ல பொண்ணு கெடைக்கட்டும். இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா நம்ம ஸ்கூல்ல வெச்சிக்க முடியாதும்மா."

அதற்குள் அம்மா ஓடி வந்தார். "தெனம் அவ எழுந்திரிக்கறதுக்குள்ள அவங்க நைனா கெளம்பிடுவாரு டீச்சர். இன்னைக்குத்தான் பஸ் ஏத்திவுட இட்டுனு போனேன். அதுலேர்ந்து 'இதோ வந்துட்றேன், இதோ வந்துட்றேன்'னு அதையே சொல்லிக்கினு இருந்துது."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அவலூர்பேட்டை பஸ் நிற்கும் இடத்தில், வெயிலில் நின்றிருந்தாள். "இன்னா டீச்சர், செக்கிங் இன்ஸ்பெக்டரா? எறங்கற ஆளு ஒருத்தர வுடாம பாக்குது!" என்றார் ஒரு கண்டக்டர். அம்மா கையைப் பிடித்ததும் வீறிட்டாள். விட்டுவிட்டோம். அவளோடு நாங்களும் நின்றோம்.

சாயங்காலம்தான் அவள் அப்பா வந்து இறங்கினார். விஷயம் கேட்டு முகம் வெளுத்துவிட்டது. "போறேன்னு சொல்லக் கூடாதேன்னுதான டீச்சர் அப்படி சொல்றது?"

ஊரே சொல்கிற வார்த்தைதான். அவள் ஒருத்திதான் அதை நம்பினாள்.

திட்டத்தில் ஒன்றைச் சேர்த்தேன். யார் கிளம்பினாலும் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று படம் காட்டிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத்தான் பதைப்பு. "போறேன்னா? வாய்ல வராது டீச்சர். நாளைக்கு வெள்ளிக்கிழம வேற!"

மறுநாள் அப்பா பஸ் படத்தையும் சோற்றுத்தட்டுப் படத்தையும் காட்டி, "அவலூர்பேட்டை போறேன். ராத்திரி சோத்துக்கு வந்துடுவேன்" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "போ" என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவள் எங்கள் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தலைமையாசிரியை இன்னமும் வாசல் கதவைப் பூட்டித்தான் வைக்கிறார். நான் தினமும் கிளம்பும்போது அவளிடம் "போறேன், நாளைக்கு வரேன்" என்கிறேன். சொல்லிவிட்டதால், காய்ச்சல் அடித்தாலும் மறுநாள் போய்விடுகிறேன்.