படகைத் தூக்கிய கிழவன்

முப்பத்தெட்டு வயதில், கல்யாணம் ஆகாத ஒரு டீச்சர் பொம்மைப் புத்தகம் படிக்கிறாள் என்றால் தங்கச்சிமடத்தில் பேசாமலா இருப்பார்கள்? பேசினார்கள். பிள்ளை பெற்றிருந்தால் பிள்ளைக்கு என்று சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று சக டீச்சர் ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். போடி என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கும் தனியாகத்தான் உட்கார்ந்தேன்.

அந்தப் படக்கதை சின்னப் பிள்ளைகள் படிக்கிற புத்தகமே இல்லை. மெட்ராஸில் இருந்த தம்பி பழைய புத்தகக் கடையில் பிடித்து, பாகம் பாகமாக எனக்குப் பார்சல் போடுவான். பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் குழைத்துத் தீட்டிய ஓவியம். பறக்கத் தெரிந்த நாயகனுக்கு நரைத்துவிட்டது, முட்டி வலிக்கிறது, காப்பாற்றப் போகிற இடத்துக்கெல்லாம் தாமதமாகவே போய்ச் சேருகிறான். அவனைப் பற்றி யாரோடாவது பேச மாட்டோமா என்று ஏங்கிப்போயிருந்தேன். ஒரு ஆள் கிடையாது.

நான் குடியிருந்த வீட்டுக்கார அக்காவின் புருஷன் கடலுக்குப் போய், பெருங்காற்றில் மூன்று நாளாகத் திரும்பவில்லை. வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அக்கா என் அறைக்கு வந்தாள். கட்டிலில் புத்தகம் திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் கிழவன் அலைக்குள்ளிருந்து ஒரு படகை இரண்டு கையாலும் தூக்குகிறான், பின்னால் வெளிச்சம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது எந்தச் சம்மனசு டீச்சர்?"

சம்மனசு என்றால் அவர்களுக்குத் தேவதூதர். இது வெறும் கதைதான் என்றேன். அவள் காதிலேயே வாங்கவில்லை, அந்தப் பக்கம் வேண்டும் என்றாள். என் புத்தகத்தில் மடிப்பு விழுந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் பிளேடால் அறுத்துக் கொடுத்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

புத்தகத்தில் மிச்சமிருந்த அடுத்த தாளில் கிழவன் படகுக்குள் எட்டிப் பார்க்கிறான். ஒருவர்கூட இல்லை.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா கேட்டாள்.

"அந்தப் படகுல இருந்தவுக என்னானாக டீச்சர்?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கதையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"எல்லாரும் கரைக்கு வந்துட்டாகக்கா."

யார் முதலில் இறங்கினார்கள், வீட்டு ஆட்கள் அழுதார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மண்டபம் பக்கம் அக்கா புருஷனின் படகு வெறும் படகாக ஒதுங்கியது. மாதா கோயிலில் அவருடைய ஆத்துமாவுக்குப் பூசை வைத்து முடிந்தபின், பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க அக்காவிடம் போனேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"நீங்க பள்ளிக்கூடம் போயிருக்கையில அடுத்த பக்கத்தப் பாத்துட்டுத்தான் டீச்சர் கேட்டேன். ஒங்க வாயாலயாச்சும் வந்துட்டாகன்னு ஒரு தடவ கேக்கணும்போல இருந்துச்சு."