சங்கு எட்டாத வீடு

முனியாயி வீட்டில் கடிகாரம் கிடையாது. மில்லுச் சங்குதான் அவளை எழுப்பும். மில்லுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்த ஒன்பது வருஷமும் முதல் சங்குக்கு எழுந்து, மூன்றாம் சங்குக்குள் கேட்டுக்குள் நுழைந்துவிடுவாள்.

பாதி வாடகைக்குக் கிடைக்கிறதென்று, போன மார்கழியில் புருஷன் நல்லகாமன் பழங்காநத்தத்துக்கு அப்பால் ஒரு வீடு பார்த்தான். அன்றைக்கு மில் பக்கமிருந்து வாடைக்காற்று வீசியது. சங்கு வாசலில் நின்று ஊதுவதுபோல் கேட்டது.

"இம்புட்டுத் தெளிவாக் கேக்குது, பெறகென்ன?" என்றான். அவளும் தலையாட்டினாள். தையில் குடி மாறினார்கள்.

ஆனியில் காற்று திரும்பியது. மேல்காற்று சங்குச் சத்தத்தை எங்கோ அள்ளிக்கொண்டு போனது. இரண்டு நாள் பிந்திவிட்டாள். மூன்றாவது தடவை பிந்தினால் வேலை போய்விடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதிலிருந்து நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வீடுகளைக் கணக்கெடுக்க முனிசிபாலிட்டி குமாஸ்தா சுப்பராமன் வந்தார். கூலியையும் வாடகையையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"கூலியிலே பத்திலொரு பங்குதான் வாடகை. உங்களுக்குக் கட்டுபடியாகிற வீடும்மா."

"சங்கு கேக்காதுன்னும் எழுதிக்கங்க, சாமி."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

நல்லகாமன் சிரித்தான். "விட்டா இவ சங்குக்குத் தனியா வாடகை குடுப்பா."

"அங்கன ரெண்டு மடங்கு குடுத்தது பின்ன எதுக்காம்?" என்றாள் முனியாயி.

குமாஸ்தா பேனாவை மூடினார். பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விழித்தபோது மேகம் மூடியிருந்தது. விடிவெள்ளியைக் காணவில்லை. விடியப்போகிறதா, இன்னும் நேரம் இருக்கிறதா, தெரியவில்லை. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கால் கல்லில் இடித்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை. மில் கேட் சாத்தியிருந்தது. மூன்றாம் சங்கும் போய்விட்டதென்று கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

காவல்காரன் காளை எட்டிப் பார்த்தான். "என்னக்கா, மொதச் சங்கே இன்னும் ஊதலை. கேட்டைக் கழட்டிட்டுப் போக வந்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் பழைய வீட்டுக்காரர் மலைச்சாமியிடம் போனாள். அவர் மாட்டுக் கொட்டத்தில் பால் கறந்துகொண்டிருந்தார்.

"ஒன் அறைக்கு ஆள் வந்தாச்சு, தாயி. இந்தக் கொட்டத்துல பாதிய வேணா அடைச்சுத் தாரேன். வாடகை மட்டும் பழைய அறைக்கு உள்ளதுதான். ஒழுகும், பாத்துக்க."

"நாளைக்கே வாரோம்ணே."

முதல் சங்கு ஊதியது. மில்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம், பிந்தவில்லை என்று தெரிந்தும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.