விட்டுப்போன கட்டில்

சலூன்காரருக்குத் தெருவில் 'ஸ்தோத்திரம்' என்றுதான் பெயர். ஒரு முகத்தை மழித்து முடித்துத் துண்டை உதறும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்பார். தள்ளாடிக்கொண்டு வந்து உட்காரும் குடிகாரனுக்கும் அதே ஸ்தோத்திரம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகமாட்டார். கத்தி, பிரஷ், படிகாரக் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்குப் போய்விடுவார். எழுந்து உட்கார முடியாதவர்களுக்குக் காசு வாங்காமல் சவரம் செய்வார்.

ஏன் இந்த வேலை என்று யாராவது கேட்டால், "கடவுள் முகம் நமக்கு எட்டுமா? எட்டுற முகத்துக்குப் பண்றேன்" என்பார். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது.

கையிலும் குறை சொல்ல முடியாது. படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கும். கத்தி பள்ளத்தில் இறங்கினால் கிழித்துவிடும். அதனால் அவர்கள் வாய்க்குள் விரலை விட்டு, கன்னத்தை உள்ளேயிருந்து உப்பவைத்து மழிப்பார். எச்சிலுக்கும் நாற்றத்துக்கும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பெற்ற பிள்ளை செய்வானா இப்படி என்று நோயாளிகள் கண்கலங்குவார்கள்.

பெற்ற தாய்க்கு அவர் செய்யவில்லை. அம்மா சாகக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வார்டில்தான் இருந்தார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால் தம்பி கேட்டுவிட்டான்.

"ஊர்க்காரன் தாடையைத் தடவிக்கிட்டு நின்னியே. அம்மா உன் பேரைச் சொல்லிச் சொல்லியே போனா, தெரியுமா உனக்கு?"

அது உண்மை. அதனால்தான் மன்னிக்க முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு அறுந்தது. தெருவில் எதிரே பார்த்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

பல வருஷம் கழித்துத் தம்பிக்கு ஈரல் கெட்டுப்போனது. அதே வார்டில் சேர்த்தார்கள். சனிக்கிழமையே சலூன்காரரின் மனைவி சொன்னாள்.

"ஏங்க, பிழைக்கிறது கஷ்டம்னு சொல்றாங்க. நாளைக்கு நீங்களே போய் ஒரு வார்த்தை பேசிடுங்க."

"அவன் கூப்பிடட்டும், பேசுறேன்."

"மத்த நோயாளிங்க எல்லாம் வெத்தலை பாக்கு வச்சா உங்களைக் கூப்பிட்டாங்க?"

"அவங்க யாரும் என்னைக் குத்திப் பேசலையே" என்றார். வந்தவன் போனவனிடம் அன்பு காட்டுவதில் உள்ள வசதியே அதுதான்.

மறுநாள் வாசலோரக் கட்டிலிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வந்தார். தம்பி ஜன்னலோரம் கிடந்தான். தாடி காடாக வளர்ந்திருந்தது. பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள். முந்தைய கட்டிலை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, தம்பி தலையணையில் தலையைச் சாய்த்து மோவாயைக் கொஞ்சம் உயர்த்தினான். மோவாயை உயர்த்தினால் என்ன அர்த்தம் என்று சவரத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்தது. அவன் வாயைத் திறந்து 'அண்ணே' என்றால் முத்தா உதிர்ந்துவிடும் என்று வீம்பு சொன்னது. வீம்பின் பேச்சைக் கேட்டார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தம்பி கட்டிலைச் சுற்றி அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தம்பி சுவர்ப் பக்கம் புரண்டு படுத்திருந்தான். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வாரம் முடிவதற்குள் தம்பி போய்விட்டான். ஓடிவந்தவரிடம் நர்ஸ் சொன்னாள்.

"உங்க தம்பியாண்ணே இவரு? எங்களுக்குத் தெரியாமப் போச்சே. சவரம் பண்ண எங்க ஆளு வந்தப்ப தொடவே விடலை. எங்க அண்ணன் வருவாரு, அவரு கைதான் எனக்கு ஒத்துக்கும்னுட்டாரு."

வெந்நீர் கேட்டு வாங்கினார். நுரை போட்டார். வாய்க்குள் விரலை விடப் பார்த்தார், தாடை இறுகிப்போயிருந்தது. அப்படியே மழித்ததில் கன்னத்துப் பள்ளத்தில் கத்தி கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. "பொறுத்துக்கடா" என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அடக்க ஆராதனையில் போதகருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அன்புன்னா என்னன்னு நம்ம சகோதரரைப் பார்த்துக் கத்துக்கணும். ஊரெல்லாம் இவருக்குச் சொந்தம். கூடப்பிறந்தவனுக்கும் கடைசி ஊழியத்தை இவரே தன் கையால செஞ்சாரு" என்றார். பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். ஐயா, உயிரோடு முகத்தை நீட்டினான், நான்தான் தாண்டிப் போனேன் என்று. உட்கார்ந்தே இருந்தார். முன் வரிசையிலிருந்து தம்பி மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள்.

சபை முழுவதும் ஆமென் என்றது. அவரும் சொன்னார்.